கம்யூனிட்டி காலேஜ் பிரசிடென்ட்: சேந்த பசங்கள முடிக்க வைக்கறது யார் வேலை?

அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்துல இருக்கற ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ்ல 2024ல இருந்து அந்த ஏரியா ஹைஸ்கூல் முடிச்சு வர்ற பசங்களுக்கு டியூஷன் ஃபீஸ், அதாவது படிப்புக் கட்டணம், கிடையாது. அங்க சான்சலரா, அதாவது தலைவரா, இருக்கறவர் ரஸல் லோரி-ஹார்ட். 2023ல தான் வந்தாரு, அதுக்கு முன்னாடி டெக்சஸோட வடக்குக் கோடியில இருக்கற அமரில்லோ காலேஜ்ல 2014ல இருந்து பிரசிடென்ட்டா இருந்தவர். இந்த மாதிரி செய்திய படிக்கறப்போ நமக்கு வர்ற சந்தேகம் நிறைய. ஒரு காலேஜ் தலைவர் நெனச்சா ஃபீஸ எடுத்துட முடியுமா, அவருக்கு மேல யாரு, பணம் எங்கிருந்து வருது, எல்லாத்துக்கும் மேல ஃபீஸ் இல்லன்னு ஆயிட்டா சேந்த எல்லாரும் படிச்சு முடிச்சிடுவாங்களா? கடைசிக் கேள்விக்கு பதில் இல்லைங்கறது தான். ஏன் இல்லைன்னு புரிஞ்சா இந்தப் பதவியோட மொத்த வேலையும் புரிஞ்சிடும்.

முதல்ல அடிப்படை

கம்யூனிட்டி காலேஜ்னா அமெரிக்காவுல பொதுப் பணத்துல நடக்கற ரெண்டு வருஷக் காலேஜ். முதல் காலேஜ் 1901ல இல்லினாய் மாநிலத்துல ஜோலியட் ஊர்ல ஒரு ஹைஸ்கூலோட ஒட்டி ஆரம்பிச்சது. அப்போ ஜனாதிபதியா இருந்த ட்ரூமன் அமைச்ச கமிஷன் 1947ல ஊருக்கு ஊர் இப்படி ஒரு காலேஜ் வேணும்னு அறிக்கை குடுத்ததுக்கு அப்புறம் வேகமா பரவுச்சு, இப்போ நாடு முழுக்க சுமார் 1,000 இருக்கு. வருஷத்துக்கு டியூஷன் சராசரியா 4,000 டாலர் பக்கம், நாலு வருஷ யுனிவர்சிட்டிய விட ரொம்பக் கம்மி. கட்-ஆஃப் கிடையாது, கவுன்சலிங் கிடையாது, வந்தவங்கள சேத்துக்கணும்.

அடிக்கடி வர்ற சில சொற்கள்:

1. அசோசியேட் டிகிரி - பொதுவா 60 கிரெடிட் (எவ்ளோ பாடம் முடிச்சிருக்காங்கன்னு காட்டற அலகு), ரெண்டு வருஷப் படிப்புக்கான பட்டம்.
2. சர்டிஃபிகேட் - வெல்டிங், நர்சிங் உதவியாளர், ஏசி மெக்கானிக் மாதிரி வேலைக்கான குறுகிய படிப்பு.
3. டிரான்ஸ்ஃபர் - இங்க ரெண்டு வருஷம் படிச்சுட்டு அந்த கிரெடிட்ட எடுத்துட்டு நாலு வருஷ யுனிவர்சிட்டிக்கு மாறறது. அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்க வீட்டுப் பசங்க பலரு, முக்கியமா கலிஃபோர்னியாவுல, இந்த வழிய எடுக்கறதால இந்த வார்த்தை மட்டும் நமக்கு நல்லாப் பழக்கம்.
4. டூயல் கிரெடிட் - ஹைஸ்கூல்ல இருக்கறப்பவே காலேஜ் பாடம் எடுக்கறது. இப்போ கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள்ல சுமாரா அஞ்சுல ஒருத்தர் ஸ்கூல் பையனோ பொண்ணோ தான்.
5. கம்ப்ளீஷன் ரேட் - சேந்தவங்கள்ல எத்தன பேரு குறிப்பிட்ட காலத்துக்குள்ள பட்டம் வாங்கினாங்க, இல்ல டிரான்ஸ்ஃபர் ஆனாங்கங்கற கணக்கு. இந்தக் கட்டுரை முழுக்க இத சுத்தித்தான்.

இந்த அஞ்சாவது விஷயத்துல நிலைமை எவ்ளோ மோசம்னா, கம்யூனிட்டி காலேஜ்ல சேர்றவங்கள்ல சுமார் 80 சதவீதம் பேரு என்னைக்காவது ஒரு நாள் பேச்சிலர் டிகிரி வாங்கணும்னு தான் வர்றாங்க, ஆனா ஆறு வருஷம் கழிச்சுப் பாத்தா அத வாங்கினவங்க 16 சதவீதம் தான். மூணுல ஒரு பங்கு பேரு தான் யுனிவர்சிட்டிக்கே போய்ச் சேர்றாங்க, போனவங்கள்லயும் பாதிப் பேரு தான் முடிக்கறாங்க. மிச்சப் பேரு நடுவுல கரைஞ்சு போயிடறாங்க, சில பேரு கடனோட.

பிரசிடென்ட் யாருக்கு பதில் சொல்லணும்

நம்ம அரசுக் கல்லூரி முதல்வர நெனச்சுட்டு இந்தப் பதவிய பாத்தா குழப்பம் தான் வரும். அவர் அரசு ஊழியர், டிரான்ஸ்ஃபர்ல வர்றாரு போறாரு, ஃபீஸ் எவ்ளோ, எந்தப் படிப்பு, எத்தன வாத்தியார்னு எதுவும் அவர் கையில இல்ல. அமெரிக்க கம்யூனிட்டி காலேஜ் பிரசிடென்ட்ட வேலைக்கு எடுக்கறதும் அனுப்பறதும் போர்ட் ஆஃப் டிரஸ்டீஸ்ங்கற குழு. டெக்சஸ், கலிஃபோர்னியாவுல இவங்கள உள்ளூர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறாங்க, ஃப்ளோரிடாவுல கவர்னர் நியமிக்கறாரு. ஆக, டெக்சஸ்ல ஒரு பிரசிடென்ட் ஃபீஸ எடுக்கணும்னா அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு ஓட்டுப் போட்டு ஒத்துக்கணும், ஆஸ்டின்லயும் அப்படித்தான் நடந்துச்சு. பல கேம்பஸ், பல காலேஜ் இருக்கற பெரிய அமைப்புல தலைவருக்கு சான்சலர்னு பேரு வைக்கறது உண்டு, வேலை கிட்டத்தட்ட அதே தான்.

பணம் பொதுவா மூணு வழில வரும்: மாணவர் கட்டற டியூஷன் (இதுல ஒரு பகுதி பெல் கிராண்ட்ங்கற மத்திய அரசு உதவித்தொகையா வரும், வருஷத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர்), மாநில அரசு தர்ற நிதி, அப்புறம் பல மாநிலங்கள்ல உள்ளூர் சொத்து வரி. சொத்து வரி இருக்கற இடத்துல ஊர்க்காரன் வீட்டு வரியில காலேஜுக்குன்னு தனியா ஒரு வரி ஓடும், அதனால அவன் கேள்வி கேப்பான். பிரசிடென்ட்டோட நேரத்துல பெரும்பகுதி இதுக்கே போயிடும்: டிரஸ்டீ, எம்எல்ஏ, உள்ளூர் முதலாளி, ஹாஸ்பிடல் நிர்வாகம், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், பேராசிரியர் சங்கம்னு ஒவ்வொருத்தர் கிட்டயும் உக்காந்து பேசணும். இதுக்கு நடுவுல காலேஜுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்க நேரம் ஒதுக்கறாரா இல்லையாங்கறதுல தான் ஒரு பிரசிடென்ட்டுக்கும் இன்னொருத்தருக்கும் வித்தியாசம் தெரியும்.

12வது நாள் கணக்கு

ரொம்ப காலத்துக்கு பிரசிடென்ட்டோட வெற்றிய அளந்தது ஒரே எண்ண வச்சு, எத்தன பேரு சேந்தாங்க. காரணம் பணம் வர்ற விதம். டெக்சஸ்ல மாநில அரசு காலேஜுக்குக் குடுத்த நிதி பல வருஷமா கான்டாக்ட் அவர்னு சொல்ற கணக்குல வந்துச்சு, அதாவது எத்தன மாணவர் எத்தன மணி நேரம் வகுப்புல பதிவு பண்ணியிருக்காங்க. இத எண்ணறது செமஸ்டரோட 12வது வகுப்பு நாள்ல. அன்னைக்குப் பேரு லிஸ்ட்ல இருந்தா போதும், காலேஜுக்குக் காசு. 13வது நாள் அந்தப் பையன் கார் ரிப்பேராகி வரவே இல்லன்னாலும் காசுக்குப் பங்கமில்ல.

யாரும் கெட்ட எண்ணத்தோட பண்ணல, ஆனா இந்தக் கணக்கு என்ன சொல்லிக் குடுக்கும்னு பாருங்க. விளம்பரம், புதுக் கட்டிடம், புது கேம்பஸ், அட்மிஷன் ஆபீஸ்ல ஆள் - இதுல போட்ட காசு திரும்பி வரும், ஒருத்தர் படிப்ப விடாம பிடிச்சு வைக்கறதுல போட்ட காசு வராது. 2000க்கு அப்புறம் தான் காத்து மாற ஆரம்பிச்சது. சேத்துட்டா மட்டும் போதாது, முடிக்க வைக்கணும்னு ஆராய்ச்சியாளர்களும் அறக்கட்டளைகளும் நெருக்கினாங்க. 2011ல ஆஸ்பன் இன்ஸ்டிட்யூட்ங்கற ஆய்வு அமைப்பு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ சிறந்த கம்யூனிட்டி காலேஜுக்குப் பரிசு குடுக்க ஆரம்பிச்சது, அதுக்கு முக்கிய அளவுகோல் மாணவர் கடைசில என்ன ஆனாங்கங்கறது தான்.

அந்த முதல் பரிச வாங்கினது ஃப்ளோரிடாவுல ஆர்லாண்டோவுல இருக்கற வலென்சியா காலேஜ். 2000ல இருந்து 2021 வரை அங்க பிரசிடென்ட் சான்ஃபர்ட் ஷுகார்ட். அங்க ஒரு விதி இருக்கு, கேட்டா சின்ன விஷயம் மாதிரி தான் இருக்கும்: ஒரு வகுப்பு ஒரு தடவ கூடிட்டா அதுக்கப்புறம் யாரையும் அதுல சேக்க மாட்டாங்க. லேட்டா சேர்றவங்க முதல் நாளே பின்தங்கி, கடைசில பெயிலாகறாங்கன்னு தெரிஞ்சு எடுத்த முடிவு. சேர்க்கை எண்ணிக்கைல அடி விழும்னு தெரிஞ்சே ஒரு காலேஜ் இத பண்ணுதுன்னா அதோட குறிக்கோள் நெஜமாவே மாறிடுச்சுன்னு அர்த்தம். அதே காலேஜ் 2006ல பக்கத்துல இருக்கற சென்ட்ரல் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டியோட ஒப்பந்தம் போட்டு, அசோசியேட் டிகிரி முடிச்சவங்களுக்கு அங்க சீட் உறுதின்னு ஆக்கிடுச்சு. டிரான்ஸ்ஃபர்ல கிரெடிட் காணாமப் போறது அமெரிக்காவுல பெரிய வியாதி. 2017ல அமெரிக்க அரசோட தணிக்கை அலுவலகம் எல்லா வகை டிரான்ஸ்ஃபர் மாணவர்களையும் சேத்துப் பாத்து, சராசரியா 43 சதவீத கிரெடிட் வீணாப் போகுதுன்னு மதிப்பிட்டுச்சு. அந்த ஓட்டைய அடைக்கறது ரெண்டு தலைவர்கள் உக்காந்து பேசி முடிக்க வேண்டிய வேலை, மாணவனால ஒண்ணும் பண்ண முடியாது.

அமரில்லோல நடந்தது

அமரில்லோ பணக்கார ஊர் இல்ல. டெக்சஸ் பேன்ஹேண்டில்னு சொல்ற வறண்ட சமவெளி, மாட்டிறைச்சி ஆலை, பண்ணை வேலை, பெரிய நகரம் எதுவும் கிட்ட இல்ல. காலேஜ் 1929ல ஆரம்பிச்சது. 2010ஐ ஒட்டி லோரி-ஹார்ட் அங்க கல்விப் பிரிவு துணைத் தலைவரா இருந்தப்போ, நீங்க படிப்பு முடிக்கத் தடையா இருக்கறது என்னன்னு மாணவர்கள் கிட்டயே கேட்டாங்க. கணக்குப் பாடம் கஷ்டம், வாத்தியார் சரியில்ல, லைப்ரரி நேரம் பத்தலன்னு வரும்னு எதிர்பாத்தாங்க. வந்த முக்கியமான காரணங்கள் எதுவுமே வகுப்பறை சம்பந்தமா இல்ல. சாப்பாடு, வீட்டு வாடகை, குழந்தைய விட இடம், வண்டி, மருத்துவம், மன அழுத்தம், கரென்ட் பில் - இதுதான் லிஸ்ட்.

இந்த லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு ஒரு தலைவர் ரெண்டு மாதிரி யோசிக்கலாம். ஒண்ணு, இதெல்லாம் காலேஜ் வேலை இல்ல, நாங்க பாடம் நடத்தத்தான் இருக்கோம்னு. அப்படிச் சொல்றவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், பட்ஜெட் அப்படித்தான் போட்டிருக்கு. ரெண்டாவது, இதனாலதான் படிப்ப விடறாங்கன்னா இதுதான் எங்க வேலைன்னு. அமரில்லோ ரெண்டாவது பக்கம் போச்சு. முந்தின பிரசிடென்ட் காலத்துலயே வறுமைய நேரா எதிர்கொள்ற திட்டத்த ஆரம்பிச்சாங்க, லோரி-ஹார்ட் பிரசிடென்ட் ஆனதும் அத காலேஜோட மையத்துக்குக் கொண்டு வந்தாரு.

என்னென்ன பண்ணாங்கன்னு வரிசையா:

1. "மரியா"ன்னு ஒரு மாணவிய டேட்டாவுல இருந்து உருவாக்கினாங்க. அந்தக் காலேஜோட சராசரி மாணவர் யாருன்னு பாத்தா, 27 வயசு, லத்தீனோ வம்சாவளிப் பொண்ணு, குடும்பத்துல முதல் தலைமுறையா காலேஜுக்கு வர்றவ, ரெண்டு வேலை பாக்கறா, குழந்தை இருக்கு. 18 வயசுல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற பையன மனசுல வச்சு போட்ட டைம்டேபிள், ஆபீஸ் நேரம், விதிமுறை எதுவும் மரியாவுக்கு ஒத்து வராது. அதனால எந்த முடிவு எடுத்தாலும் இது மரியாவுக்கு உதவுமான்னு கேக்கறது அங்க வழக்கமாச்சு.

2. உதவி மையம். கேம்பஸ் நடுவுல ஒரு இடம், உணவுப் பொருள் எடுத்துக்கலாம், சமூகப் பணியாளர் இருப்பாங்க, வாடகைக்கோ கரென்ட் பில்லுக்கோ அவசரப் பணம் கிடைக்கும். இதுல வேகம் தான் முக்கியம். வீட்ட காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தவளுக்கு ஆறு வாரம் கழிச்சு கமிட்டி கூடி முடிவெடுத்துப் பணம் குடுத்து என்ன பிரயோஜனம். அதோட கேட்டு வரட்டும்னு காத்திருக்காம, வருமானம் கம்மியா இருக்கற மாணவர்களுக்கு காலேஜே முன்னாடி போய் ஈமெயில் அனுப்புச்சு, இப்படி ஒரு இடம் இருக்கு, வாங்கன்னு. உதவி தேவைப்படறவங்க வெக்கத்துல வர மாட்டாங்க, அந்த ஒரு ஈமெயில் அந்த வெக்கத்த உடைக்குது.

3. எட்டு வார செமஸ்டர். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படற மாற்றம். வழக்கமா 16 வாரம், நாலு பாடம் ஒரே நேரத்துல ஓடும். மரியாவுக்குப் பத்தாவது வாரத்துல குழந்தைக்கு உடம்பு சரியில்லாமப் போய் ரெண்டு வாரம் வரலன்னா நாலு பாடமும் போச்சு, கட்டின ஃபீஸும் போச்சு. பெரும்பாலான பாடங்கள எட்டு வாரமாச் சுருக்கி, ஒரு நேரத்துல ரெண்டு பாடம் மட்டும்னு மாத்தினா, அதே பத்தாவது வாரத்துல முதல் ரெண்டு பாடம் ஏற்கனவே முடிஞ்சு மார்க் கையில இருக்கும், போறது பாதி தான். மறுபடி உள்ள வரவும் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டாம். இதுக்குப் புதுக் கட்டிடம் வேண்டாம், ஆனா ஒவ்வொரு பேராசிரியரும் தன்னோட பாடத்தத் திரும்ப எழுதணும். 20 வருஷமா ஒரே மாதிரி நடத்தினவங்கள ஒத்துக்க வைக்கறது சாதாரண வேலை இல்ல, பிரசிடென்ட்டோட தலைமை உண்மையிலயே சோதனைக்கு வர்ற இடம் இது தான்.

2017ல லோரி-ஹார்ட் டெக்சஸ்லயே வேக்கோ நகரத்துல ஒரு வறுமை அனுபவப் பயிற்சில ஒரு வார இறுதி வீடில்லாதவரா தெருவுல இருந்து பாத்தாரு. இத பத்திரிகைகள் நிறைய எழுதுச்சு. ஆனா அந்தச் செய்திய மட்டும் படிச்சுட்டு இவர் நல்ல மனசுக்காரர்னு நிறுத்திக்கிட்டா முழு விஷயத்தத் தவற விட்டுடுவோம், ஏன்னா முடிவுகள மாத்தினது டைம்டேபிளும் அவசரப் பணமும் அந்த ஈமெயிலும். 2023ல அமரில்லோ காலேஜ் கலிஃபோர்னியாவோட இம்பீரியல் வேலி காலேஜோட சேந்து ஆஸ்பன் பரிச வாங்குச்சு.

இது ஒரு ஊர் கதை தானா?

இல்ல. டெக்சஸ்லயே எண்ணெய்க் கிணறு ஊரான ஒடெஸாவுல, கிரெகரி வில்லியம்ஸ் பிரசிடென்ட்டா இருந்தப்போ, வகுப்ப நடுவுல விட்டுட்டுப் போறவங்க எண்ணிக்கைய வாத்தியார் வாரியாப் பாத்தாங்க. கம்மியா விடற வகுப்புகள்ல பாடம் சுலபமா இல்ல, அந்த வாத்தியார்கள் மாணவர்களோட பழகற விதம் தான் வேற. அதுல இருந்து எல்லா ஆசிரியர்களும் செய்ய வேண்டியதா நாலு விஷயத்த முடிவு பண்ணாங்க: பேரு சொல்லிக் கூப்பிடணும், ஒவ்வொருத்தரையும் தனியாச் சந்திச்சுப் பேசணும், தடுமாறறாங்கன்னு தெரிஞ்ச உடனே தலையிடணும், கண்டிப்பும் வேணும் அதே நேரம் தேவைப்படற இடத்துல வளைஞ்சும் குடுக்கணும். எட்டு வார செமஸ்டரயும் அமரில்லோவுக்கு முன்னாடியே பெரிய அளவுல பண்ணது ஒடெஸா தான்.

இதவிட அழுத்தமான ஆதாரம் நியூயார்க்ல இருக்கு. சிட்டி யுனிவர்சிட்டியோட கம்யூனிட்டி காலேஜ்கள்ல 2007ல ஏசாப்னு ஒரு திட்டம் வந்துச்சு. முழு நேரம் படிக்கணும், கம்மி மாணவர்கள மட்டும் கவனிக்கற ஆலோசகர அடிக்கடி பாக்கணும், பதிலுக்கு டியூஷன்ல குறையறத ஈடு கட்டுவாங்க, பஸ்ஸுக்கும் சப்வேக்கும் கார்டு இலவசம். குலுக்கல் முறைல ரெண்டு குழுவாப் பிரிச்சு ஆராய்ச்சி பண்ணதுல மூணு வருஷத்துல பட்டம் வாங்கினவங்க திட்டத்துல இருந்தவங்கள்ல 40 சதவீதம், இல்லாதவங்கள்ல 22 சதவீதம். ஒரு மாணவருக்கு ஆகற செலவு கூடுதல் தான், ஆனா முடிக்கறவங்க அதிகமாகறதால ஒரு பட்டத்துக்கு ஆகற செலவுன்னு பாத்தா குறையுது. ஒஹாயோவுல மூணு காலேஜ்ல அப்படியே செஞ்சு பாத்தாங்க, அங்கயும் பலிச்சது.

ஃபீஸ் இல்லன்னு ஆனா மட்டும் போதாதுன்னு ஆரம்பத்துல சொன்னதுக்குக் காரணம் இதுதான். வருமானம் ரொம்பக் கம்மியா இருக்கற மாணவருக்குப் பல இடத்துல பெல் கிராண்டே டியூஷன ஈடு கட்டிடுது. அவங்கள வெளிய தள்றது டியூஷனுக்கு அப்பால இருக்கற செலவு.

காசு வர்ற வழி மாறினா

2023ல டெக்சஸ் சட்டசபை ஹவுஸ் பில் 8னு ஒரு சட்டம் போட்டு, மாநிலத்தோட 50 கம்யூனிட்டி காலேஜ் மாவட்டங்களுக்கும் நிதி தர்ற கணக்கையே மாத்திடுச்சு. இப்போ காசு பெரும்பாலும் முடிவுகளுக்குத்தான்:

1. வேலை சந்தையில மதிப்புள்ள பட்டமோ சர்டிஃபிகேட்டோ வாங்கினவங்க எத்தன பேரு.
2. குறைஞ்சது 15 கிரெடிட்டோட யுனிவர்சிட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆனவங்க.
3. டூயல் கிரெடிட்ல 15 கிரெடிட்ட முடிச்ச ஸ்கூல் பசங்க.

ஏழை மாணவர், படிப்புல பின்தங்கி வர்றவங்க, 25 வயசுக்கு மேல இருக்கறவங்க முடிச்சா கூடுதல் காசு. இந்தக் கூடுதல் காசு ரொம்ப அவசியம், இல்லன்னா சுலபமா முடிக்கறவங்கள மட்டும் தேடிப் போற புத்தி வந்துடும். ஆனாலும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கு. ஹைஸ்கூல் பசங்களுக்கு 15 கிரெடிட் முடிக்க வைக்கறது, ரெண்டு வேலை பாக்கற மரியாவ பட்டம் வாங்க வைக்கறத விட எவ்வளவோ சுலபம். ரெண்டுக்கும் காசு வருதுன்னா, நெருக்கடில இருக்கற ஒரு பிரசிடென்ட் எந்தப் பக்கம் ஆள் போடுவாருன்னு சொல்லத் தேவையில்ல. ஆஸ்பன் பரிசு யார் வாங்கறாங்கன்னு பாக்கறத விட இத கவனிக்கறது முக்கியம்னு நான் நெனைக்கறேன்.

அடுத்து வர்றது 2025ல அமெரிக்க காங்கிரஸ் போட்ட சட்டம். 2026 ஜூலைல இருந்து எட்டு வாரத்துல இருந்து 15 வாரத்துக்குள்ள முடியற வேலைப் பயிற்சிகளுக்கும் பெல் கிராண்ட் கிடைக்கும். பயிற்சி முடிச்சவங்கள்ல 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்கணும்ங்கற மாதிரி நிபந்தனைகளும் சட்டத்துல இருக்கு. குறுகிய படிப்பு நல்லது தான், வெல்டிங் சர்டிஃபிகேட்டால வாழ்க்கை மாறினவங்க இருக்காங்க, ஆனா எண்ணிக்கைக்காக சம்பளம் ஏறாத சர்டிஃபிகேட்ட அச்சடிச்சுக் குடுத்தா அந்த மாணவர் தன்னோட உதவித்தொகைல ஒரு பங்க வீணாச் செலவழிச்சவராயிடுவாரு.

ஒரு பிரசிடென்ட் குறிக்கோள் அறிவிச்சா எதப் பாக்கணும்

எல்லாக் காலேஜ் வெப்சைட்லயும் சமத்துவம், சிறப்பு, புதுமைன்னு அஞ்சு வருஷத் திட்டம் இருக்கும். அதுல உயிர் இருக்கான்னு தெரிஞ்சுக்க:

1. எண்ணும் தேதியும் இருக்கா? கம்ப்ளீஷன் ரேட் இப்போ இவ்ளோ, எந்த வருஷத்துல எவ்ளோ ஆகணும்னு சொல்லியிருக்கணும். பகுதி நேரம் படிக்கறவங்களையும் அந்தக் கணக்குல சேத்திருக்கணும், ஏன்னா கம்யூனிட்டி காலேஜ்ல அவங்க தான் அதிகம்.
2. அந்த எண்ண வருமானம், இனம், வயசுன்னு பிரிச்சுக் காட்டறாங்களா? சராசரி ஏறியிருக்கும், அடியில இருக்கறவங்க அப்படியே இருப்பாங்க.
3. பட்ஜெட்ல என்ன நகந்துச்சு? ஆலோசகர் ஒருத்தருக்கு எத்தன மாணவர்ங்கறது குறைஞ்சிருந்தா பேச்சு நெஜம்.
4. எதையாவது நிறுத்தினாங்களா? வலென்சியா லேட் அட்மிஷன நிறுத்தின மாதிரி.
5. அவர் போனா நிக்குமா? அமெரிக்க காலேஜ் தலைவர்கள் ஒரு பதவில சராசரியா இருக்கறது ஆறு வருஷத்துக்குள்ள, ஒரு மாணவர் கூட்டம் உள்ள வந்து வெளிய போறதையே அதுக்குள்ள ரெண்டு தடவ தான் பாக்க முடியும். டைம்டேபிள், ஒப்பந்தம், விதி, நிரந்தரப் பணியிடம்னு மாறின மாற்றம் ஆள் போனாலும் இருக்கும், பேச்சாலயும் ஆளோட கவர்ச்சியாலயும் வந்தது பின்னாலயே போயிடும்.

ஆஸ்டின்ல இப்போ சோதிக்கப்படறது இந்த அஞ்சாவது விஷயத்தோட மறுபக்கம்: ஒரு இடத்துல சாதிச்சவர் வேற இடத்துலயும் அதையே பண்ண முடியுமா. அமரில்லோவ விடப் பல மடங்கு பெரிய காலேஜ், 11 கேம்பஸ், வாடகை எகிறின ஊர். இலவச டியூஷன முதல்ல அஞ்சு வருஷ முன்னோட்டமாத்தான் போர்டு ஒத்துக்கிட்டது, அதனால 2024ல சேந்தவங்கள்ல எத்தன பேரு முடிச்சாங்கங்கற எண்ணு அது தொடரணுமான்னு முடிவு பண்ணறதுல முக்கியமா இருக்கும். மூணு வருஷக் கணக்குப்படி அந்த எண்ணு 2027 கோடைக்கு அப்புறம் வரும்.